‘ஆதாரம் இருக்கா?’ என்று கேட்டால் ஏன் சண்டையில் முடிகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. விவாதத்தில் ஒருவர் ஒன்றை அடித்துச் சொல்கிறார். நீங்கள் "ஆதாரம் இருக்கா?" என்கிறீர்கள். பதிலுக்குப் பத்து லிங்க் வந்து விழுகிறது, இல்லையென்றால் "கூகுளில் தேடிக்கொள்" என்கிறார்கள், அதுவும் இல்லையென்றால் வம்பிழுக்க வந்தவர் என்று உங்களுக்குப் பட்டம் கட்டுகிறார்கள். ஆதாரம் கேட்பதே தவறா, எப்போது விவாதத்தை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை என்பது உங்களுக்கே தெரியும். நியாயமான கேள்விக்கு ஏன் உருப்படியான பதில் வருவதில்லை, எப்படிக் கேட்டால் வரும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் தொழில், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். எது காட்டப்பட்டால் ஒப்புக்கொள்வீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் ஆதாரம் கேட்டால் அது பாதிக் கேள்விதான். மீதிப் பாதியை எதிரில் இருப்பவர் தன் வசதிக்கு நிரப்பிக்கொள்வார்.

யார் ஆதாரம் தர வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. சொன்னவர்தான் தர வேண்டும். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, எந்தத் தொலைநோக்கிக்கும் சிக்காத ஒரு பீங்கான் தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், அதை மற்றவர்களால் பொய்ப்பிக்க முடியாது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952-ல் எழுதினார். இந்த விதியை வைத்துக்கொண்டு நழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். "நீங்கள் சொல்வதை நம்ப எனக்குக் காரணம் போதவில்லை" என்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. "நீங்கள் சொல்வது பொய்" என்பவர் புதிதாக ஒன்றைச் சாதிக்கிறார், ஆகவே அவரும் காட்டியாக வேண்டும். ஐயப்படுகிறோமா, மறுக்கிறோமா என்று நமக்கே தெளிவில்லாமல் பேச ஆரம்பித்தால், இரண்டாவது பதிலிலேயே "நீ முதலில் காட்டு" என்று இரு பக்கமும் நிற்கும்.

கேட்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஒரு அபத்தத்தை மறுக்க ஆகும் உழைப்பு, அதை உண்டாக்க ஆகும் உழைப்பைவிடப் பத்து மடங்கு என்று ஆல்பெர்ட்டோ பிராண்டோலினி என்ற இத்தாலிய நிரலாளர் 2013-ல் சொன்னார். யாரும் அளந்து சொன்ன எண் அல்ல அது. ஆனாலும் இந்த வேலையில் இருப்பவர்கள் அதைக் கேட்டதும் தலையாட்டுவார்கள். இதே ஏற்றத்தாழ்வு கேட்கிறவருக்கும் சாதகமாக இருப்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. "ஆதாரம்?" என்று தட்ட ஒரு நொடி போதும், தேடித் தருகிறவருக்கு அரை மணி நேரம் போகும். மிக மரியாதையாக, விடாமல், வீட்டுக்குள்ளேயே வந்து நின்று ஆதாரம் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கடற்சிங்கத்தை 2014-ல் ஒரு இணையச் சித்திரத்தில் வரைந்தார்கள். அன்றிலிருந்து இந்தத் தொல்லைக்கு ‘சீலயனிங்’ என்றே பெயர். உங்களை வம்புக்காரர் என்று சொன்னவர் ஒருவேளை அப்படிப்பட்ட நான்கைந்து பேரைப் பார்த்துச் சலித்தவராக இருக்கலாம். பாடப்புத்தகத்தில் இருக்கும் செய்திக்கும், விவாதத்தின் முடிவை எந்த விதத்திலும் மாற்றாத ஓரச் செய்திக்கும் ஆதாரம் கேட்காதீர்கள். வந்தால் படிக்கப் போவதில்லை என்றால் அப்போதும் கேட்காதீர்கள்.

கேட்பது என்று முடிவானால், சொல்லப்பட்டது என்ன என்பதை நிலைநிறுத்துவதுதான் முதல் வேலை. பாதிச் சண்டை இங்கேயே கரைந்துவிடும். ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். "பதப்படுத்திய இறைச்சி சிகரெட் அளவுக்கே புற்றுநோயை உண்டாக்கும், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்கிறார் ஒருவர். ஆதாரம் கேட்டால் நிஜமான ஆவணமே வரும். 2015 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது உண்மை, புகையிலையும் அதே பிரிவில் இருப்பதும் உண்மை. ஆனால் அந்தப் பிரிவு, ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கான சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. எவ்வளவு ஆபத்து என்பதை அது சொல்லவில்லை. ஆபத்தின் அளவுக்கு அதே அறிவிப்பில் வேறோர் எண் இருக்கிறது: நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்போ 15 முதல் 30 மடங்கு என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அந்த 18 சதவீதத்தையும் சரியாகப் படிக்க வேண்டும். இந்தப் புற்றுநோய் வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வருவதாக வைத்துக்கொண்டால், 18 சதவீதக் கூடுதல் என்பது அந்த 5-ஐ 5.9 ஆக்கும். 5-ஐ 23 ஆக்காது. ஆக மூலம் உண்மையானது, நிறுவனம் நம்பத்தக்கது, லிங்க் வேலை செய்கிறது, ஆனாலும் சொன்னது தவறு. வெறுமனே "ஆதாரம்?" என்று கேட்டிருந்தால் இந்த விவாதத்தில் நீங்கள் தோற்றிருப்பீர்கள். "சிகரெட் அளவுக்கு என்றீர்களே, அந்த அளவு எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

ஒவ்வொரு வகைக் கூற்றுக்கும் ஒவ்வொரு வகைச் சான்று தேவை. நம் அளவை நூலார், அதாவது தருக்க நூல் எழுதியவர்கள், அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று வகுத்தார்கள். நேரே கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொன்னது. திரையில் நடக்கும் விவாதத்தில் கைமாறுவது ஏறக்குறைய முழுவதும் மூன்றாவது வகைதான். அதனால் "முதலில் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்?" என்பதே அடிப்படைக் கேள்வி. ஒருவர் இப்படிச் சொன்னார் என்றால் முழுப் பேச்சு அல்லது முழுப் பக்கம், தேதியோடு வேண்டும். ஒரு படம் என்றால் அதன் மிகப் பழைய பிரதி வேண்டும். ஓர் எண் என்றால் யார் எண்ணியது, எந்த ஆண்டு, எதை எண்ணியது, எத்தனை பேரில் என்ற நான்கும் வேண்டும், இதில் கடைசிதான் அடிக்கடி காணாமல் போகும். இதனால்தான் அது விளைந்தது என்றால் ஒப்பீடு வேண்டும், அது இல்லாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும். "எனக்கு இந்த மருந்தில் சரியாகிவிட்டது" என்பது அவருக்குச் சரியானதற்கு நல்ல சான்று, மருந்தால்தான் சரியானது என்பதற்கு மிக மெலிந்த சான்று. இதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்வது நல்லது. தன் வலியைச் சொல்கிறவரிடம் ஆய்வுக் கட்டுரை கேட்பவரை யாருக்கும் பிடிக்காது, பிடிக்காமல் போவதில் நியாயமும் இருக்கிறது.

கேட்கும் வாக்கியம் இப்படி இருக்கலாம்: "விபத்துகள் இரட்டிப்பாகிவிட்டன என்கிறீர்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குள்? அரசுப் புள்ளிவிவரத்தில் அப்படி இருந்தால் ஒப்புக்கொள்கிறேன்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். அது எதிராளிக்கு எவ்வளவு தேட வேண்டும் என்று சொல்கிறது, உங்களையும் கட்டிப்போடுகிறது. அதே புள்ளிவிவரம் வந்த பிறகு "அரசு எண்களை நம்ப முடியாது" என்று நீங்கள் பின்வாங்க முடியாது. அந்தச் சந்தேகம் நியாயமானதாக இருந்தால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கூற்றை மட்டும் எடுங்கள். பத்து லிங்க் வந்து விழுவது விவாத மேடைகளில் பழைய உத்தி. பரிணாமக் கொள்கையை மறுத்து, உயிர்களைக் கடவுளே படைத்தார் என்று வாதிட்ட டுவேன் கிஷ் என்ற பேச்சாளரின் பாணியைப் பார்த்து யூஜினி ஸ்காட் என்ற மானுடவியலாளர் 1994-ல் அதற்கு ‘கிஷ் கேலப்’ என்று பெயர் வைத்தார். பத்தையும் மறுக்க உட்கார்ந்தால் ஒன்பதை மறுத்தபின் பத்தாவதை ஏன் விட்டாய் என்பார்கள். "இதில் உங்களுக்கு மிக வலுவாகத் தோன்றுவது எது? அதை மட்டும் முழுதாகப் படித்துவிட்டு வருகிறேன், அதில் எந்தப் பக்கம், எந்த அட்டவணை?" என்று கேளுங்கள். பக்க எண் கேட்டதும் அமைதியாகிவிடுபவர் அதைப் படிக்காதவர் என்று நானும் நினைப்பதுண்டு, ஆனால் அதை வெளிப்படையாகக் குத்திக்காட்டுவதால் லாபம் ஒன்றும் இல்லை. "கூகுளில் தேடிக்கொள்" என்பவருக்கு, ஐந்து நிமிடம் தேடிவிட்டு, "இந்தச் சொற்களைப் போட்டுத் தேடினேன், இது கிடைத்தது, நீங்கள் சொன்னது கிடைக்கவில்லை, எந்தச் சொல்லில் தேட வேண்டும்?" என்று எழுதுங்கள். சுமை அவர் மீதுதான் என்றாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு நிலைமை புரிந்துவிடும்.

லிங்க் வந்துவிட்டால் அதோடு முடியவில்லை, மேல்நோக்கிப் போக வேண்டும். நாளுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்கு மூலமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியத்தின் 1945-ம் ஆண்டுப் பரிந்துரை. அதில் பெரியவர்களுக்கு இரண்டரை லிட்டர் என்று இருக்கிறது, அங்கேயே இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் இருக்கிறது. முதல் வாக்கியம் மட்டும் ஊர் சுற்றியது. மறுப்பவர்களும் இதற்கு விலக்கல்ல. ஸ்பினாச் கீரையில் இரும்பு அதிகம் என்ற நம்பிக்கை, ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியைத் தவறாக வைத்ததால் வந்தது என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1981-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை அதை மூலம் காட்டாமல் சொன்னது, அதன்பின் எத்தனையோ பேர், சரிபார்க்காமல் எழுதுவதன் ஆபத்துக்கு உதாரணமாகவே அதை எடுத்துக்காட்டினார்கள். 2010-ல் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனபோது அந்தப் புள்ளிப் பிழைக்கே சான்று கிடைக்கவில்லை. ‘கட்டுக்கதை உடைப்பு’ என்ற தலைப்பில் வருவதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

மூலத்தை எடைபோடும் வேலையில் ஒரு பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ள முடியுமென்றால், பக்கத்தை விட்டு வெளியே வருவதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் ஆகியோரிடம் ஒரே தளங்களைக் காட்டினார்கள். முதல் இரு குழுவினர் பலர் அந்தப் பக்கத்திலேயே நின்று, வடிவமைப்பையும் மொழிநடையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் வேறு டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆய்வுக் கட்டுரை என்றால் அதன் டி.ஓ.ஐ. எண்ணைக் (கட்டுரைக்குத் தரப்படும் தனி அடையாள எண்) கேளுங்கள். அது 10 என்று தொடங்கும், டி.ஓ.ஐ. தளத்தில் இட்டால் இதழின் பக்கத்துக்கே போகும். போகவில்லை என்றால் அல்லது வேறு தலைப்பில் போய் நின்றால், அந்தக் கட்டுரையே இல்லாமல் இருக்கலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத கட்டுரைகளுக்கும் நம்பும்படியான தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் தந்துவிடும். 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி தந்த, நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கட்டுரை இருக்கிறது என்றால் திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள், இதற்கு ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் இலவசமாகவே கிடைக்கிறது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசிய, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட 1998-ம் ஆண்டு லான்செட் கட்டுரையை அந்த இதழ் 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது, ஆனாலும் இன்றும் சிலர் அதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். எலியில் செய்ததா மனிதரிலா, எத்தனை பேர், ஆசிரியர்களே ஒப்புக்கொண்ட குறைபாடுகள் என்ன என்பதெல்லாம் உள்ளே இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக ஏற்க வேண்டாம், மூலப் பக்கம் அழிக்கப்பட்டது என்றால் வேபேக் மெஷினில் பழைய பிரதி இருக்கிறதா என்று பார்க்கலாம். படங்களுக்குத் தலைகீழ்த் தேடல் (படத்தையே கொடுத்துத் தேடுவது) உதவும், ஆனால் இடவலம் மாற்றிய படமும் ஓரம் வெட்டிய படமும் அதில் சிக்காமல் போகலாம். ஒரு தேடலில் கிடைக்கவில்லை என்றால் கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும் போட்டுப் பாருங்கள்.

கட்டுரை நிஜம், மேற்கோளும் சரி என்ற பிறகும் எடை பார்க்க வேண்டியிருக்கிறது. பிரபல இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம், விளைவு இருப்பதாகப் புள்ளியியல்படி தேறியவை, திரும்பச் செய்ததில் 36 சதவீதமே தேறின. 2015-ல் சயின்ஸ் இதழில் வந்த முடிவு இது. காரணத்தில் ஒரு பகுதி வெறும் கணக்கு: எந்த விளைவுமே இல்லாத 20 விஷயங்களை வழக்கமான 5 சதவீத அளவுகோலில் (விளைவே இல்லாவிட்டாலும் நூற்றில் ஐந்து முறை தேறிவிடும் அளவுகோல்) சோதித்தால், ஒன்றாவது தேறிவிட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்று அச்சில் வரும், மற்றவை மேசை இழுப்பறைக்குப் போகும். சக ஆய்வாளர் மதிப்பாய்வு முத்திரையும் முழுக் காப்பு அல்ல. அறிவியல் இதழாளர் ஜான் போஹானன் 2013-ல் வெளிப்படையான பிழைகள் கொண்ட போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. ஆகவே ஒரு ஆய்வுக்கு எதிராக ஒரு ஆய்வை நீட்டுவதைவிட, அந்தக் கேள்வியில் முறையான தொகுப்பாய்வு (வந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி எடைபோடுவது) இருக்கிறதா என்று இருவரும் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். மருத்துவம் என்றால் 1993-ல் தொடங்கிய காக்ரேன் தொகுப்பாய்வுகள் நல்ல இடம்.

"இல்லை என்பதற்கு ஆதாரம் கொடு" என்று திருப்பிக் கேட்பவர்கள் வருவார்கள். அதை முடியாத காரியம் என்று தள்ளிவிடுவது வழக்கம், அது முழுச் சரியல்ல. நன்றாகத் தேடி, இருந்தால் அகப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் அகப்படவில்லை என்றால் அது சான்றுதான். எவ்வளவு நன்றாகத் தேடினார்கள் என்பதை அளக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 300 பேரில் ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை என்று ஒரு சோதனை சொன்னால், 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுங்கள்: உண்மையான விகிதம் நூற்றுக்கு ஒன்று வரைகூட இருக்கலாம் என்பதை அந்தச் சோதனையால் விலக்க முடியாது. 30,000 பேர் என்றால் அதே ‘ஒருவருக்கும் இல்லை’ பத்தாயிரத்தில் ஒன்றுக்கு இறங்கிவிடும். புள்ளியியலார் இதை மூன்றின் விதி என்பார்கள், 95 சதவீத நம்பக அளவில் இது பொருந்தும்.

இதுவரை சொன்னதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆதாரம் காட்டினால் மனம் மாறுமா என்பதில்தான் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். திருத்தினால் தவறான நம்பிக்கை இன்னும் இறுகும் என்று 2010-ல் நைஹன், ரைஃப்ளர் என்ற அரசியல் அறிவியலாளர்களின் ஆய்வு ஒன்று சொன்னது, "ஆதாரம் காட்டிப் பயனில்லை" என்பவர்கள் இன்றும் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். 2019-ல் வுட், போர்ட்டர் இருவரும் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 52 தலைப்புகளில் சோதித்தபோது அந்த எதிர்விளைவு ஏறக்குறைய காணப்படவில்லை, பெரும்பாலோர் தகவல் அளவில் திருத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு இவர்கள் நால்வரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: 2016 அமெரிக்கத் தேர்தல் பேச்சுகளைத் திருத்திக் காட்டியபோது டிரம்ப் ஆதரவாளர்கள் தகவலை ஏற்றார்கள், அவர் மீதிருந்த ஆதரவை மாற்றிக்கொள்ளவில்லை. இவை பெரும்பாலும் அமெரிக்கர்களிடம், ஒருமுறை படிக்கக் கொடுத்துச் செய்த சோதனைகள். நாள்கணக்கில் நீளும், முகம் தெரியாதவர்களோடு நடக்கும் வாக்குவாதத்துக்கு அவற்றை அப்படியே நீட்டிக்க முடியாது.

எப்போது விடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். "என்ன கிடைத்தால் நீங்கள் மாற்றிக்கொள்வீர்கள்?" என்று ஒருமுறை கேளுங்கள். "எதுவும் என்னை மாற்றாது" என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். அவர் ஏற்கெனவே சொன்ன அளவுகோலுக்கு ஏற்ற சான்றைக் கொடுத்தபின் புதிய அளவுகோல் வைத்தால், ஒருமுறை சுட்டிக்காட்டுங்கள், இரண்டாம் முறை விடைபெறுங்கள். எனக்கு அதற்கு மேல் பொறுமை இருந்ததில்லை. இன்னொரு நிலைமையும் இருக்கிறது, அதை ஆதாரப் பஞ்சம் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். ஒரு விதி விபத்தைக் குறைத்ததா என்று கேட்டால் எண்களைக் கொண்டு வரலாம். விபத்து குறைவதற்காக எவ்வளவு சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கலாம் என்பதில் இருவரும் மாறுபடுகிறீர்கள் என்றால், எந்த அட்டவணையும் அதைத் தீர்க்காது. அப்போது லிங்க் கேட்பதை விட்டுவிட்டு, எதை அவர் பெரிதாக நினைக்கிறார், ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்குப் பக்க எண் தேவைப்படாது.